பி லிஃப்ட்

எல்லாரும் பேயாகப் போகிறார்களே,
நீ என்னவாகப் போகிறாய் என்றேன்.
"லிஃப்ட்" என்றான் மாறன்.
நாலரை வயது, தயக்கமே இல்லை.
அதிலும் பி லிஃப்ட்.
ஏ லிஃப்ட் கெட்டதாம்,
ஆள் வருவதற்குள் மூடிக்கொள்ளுமாம்.

பாலர் பள்ளியில் மின்தூக்கி என்று சொல்லித் தந்திருந்தார்கள்.
அது ஆசிரியையிடம் பேசும்போது மட்டும்.

கீழே நீலத் தொட்டி ஓரம் கிடந்தது
யாரோ குட்டி பிரிட்ஜ் வாங்கிய பெட்டி.
கழுத்துக்கு ஒரு துளை, கைக்கு இரண்டு,
வயிற்றில் திறந்து மூடும் கதவு.
பொத்தானுக்கு பாட்டில் மூடிகள் சேர்த்தோம்.
எங்கள் புளோக்கில் பன்னிரண்டு மாடி,
கிடைத்தவை ஒன்பதே மூடி.
"மேலே இருக்கிறவங்க படியேறட்டும்" என்றான்.

தங்கை நேயா பூசணி.
திருஷ்டிக்கு உடைப்பதுதான் எனக்குத் தெரிந்த பூசணி;
இதற்குப் பல் வேண்டுமாம்.
ஆரஞ்சுச் சட்டையில் கறுப்புக் காகிதப் பல் ஒட்டினேன்.
கண்ணாடியில் தன்னையே பார்த்து
வீறிட்டு அழுதாள்.
பல்லைப் பிடுங்கினோம்.
பொக்கைவாய்ப் பூசணியாகப் புறப்பட்டாள்.

ஏழாம் மாதத்துப் பேய்கள் வந்து,
தின்று, காசு வாங்கிப் போய் ஆறு வாரமாகிறது.
தீபாவளிக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.
இடையில் இந்தச் சின்னப் பேய்களுக்கு
ஆறாவது மாடித் தாழ்வாரம்.

கம்பிக்கதவில் ஆரஞ்சுத் தாள் ஒட்டிய வீட்டை மட்டும்
தட்டலாம் என்பது ஏற்பாடு.
ஹம்சியா அக்கா
ஹலால் முத்திரை எல்லாருக்கும் தெரியும்படி
மிட்டாய்ப் பையைத் திருப்பி வைத்திருந்தார்.
மரிசெல் சூனியக்காரித் தொப்பியோடு
கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே வந்தாள்.
"எந்த மாடி?" என்பான் மாறன்.
யாராவது ஒரு மூடியை அமுக்குவார்கள்.
"டிங்."
வயிறு திறக்கும், மிட்டாய் விழும்.
"கதவு மூடுகிறது, தள்ளி நில்லுங்கள்"
என்பான், மூன்று மொழியில்,
மூன்றும் தப்பாக.

கடைசி வீட்டில் தாள் இல்லை.
காலணித் தட்டில் ஒரு ஜோடி ஆண் செருப்பு,
அதன் மேல் தட்டில்
மணி கோத்த பெண் செருப்பு.
ஜூன் மாதம் கீழ்த்தளத்தில்
ஐந்து நாள் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள்.
யார் ஓடி வந்தாலும் லிஃப்ட் கதவில்
கை வைத்து நிறுத்துவார் அந்த அம்மா.

பெட்டியைப் பிடித்து இழுத்தேன்.
லிஃப்ட் நகரவில்லை.
"அங்கிள்! எந்த மாடி?"

பனியனோடு வந்தார் திரு இயோ.
கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு
குனிந்து,
ஒவ்வொரு மூடியாகப் படித்து,
ஒன்பதுக்கும் மேலே
வெறும் அட்டையில் விரல் வைத்தார்.
"பன்னிரண்டு."

பன்னிரண்டில்தான் அந்த அம்மாவின் மாஜோங் மேசை.
சனி மாலை போனால்
இரவு பத்துக்குத்தான் திரும்புவார்.

"அங்க போகாது அங்கிள். மூடி பத்தலை."

உள்ளே போனவர் வரவே இல்லை.
நேயா என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு
கம்பிக்குள்ளே எட்டிப் பார்த்தாள்.
எனக்குத்தான்
எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.
ஏதோ அலமாரி திறந்து மூடிய சத்தம்,
குழாய்ச் சத்தம்.

இருமல் மிட்டாய் மூன்று கொண்டு வந்தார்.
கூடவே ஒரு சிவப்பு மூடி,
கழுவியும் சோயா சாஸ் வாசம்.
"இப்போ போகுமா?"

மாறன் அதை அட்டையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.
"அமுக்குங்க."
அமுக்கினார்.
டிங்
வரக் கொஞ்சம் நேரமாயிற்று.
பன்னிரண்டாயிற்றே,
தூரம்.

இரவு பெட்டியைக் கழற்ற விடாமல்
உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான்.
பூசணி இருமல் மிட்டாயை நக்கிப் பார்த்துத் துப்பியது.

காலையில் நிஜ பி லிஃப்டின் முன்
மஞ்சள் தடுப்பும் பழுதுபார்க்கும் அறிவிப்பும்.
அவசர அவசரமாய்ப் படியிறங்கும்போது
என் கையைச் சுரண்டினான் மாறன்:
"நேத்து நான்
ரொம்ப வேலை செஞ்சேன்ல,
அதான்."